கூடையும் புத்தகமும்

நான் படித்த தோட்டப்பள்ளியில் நூலகம் என்றால் ஓர் இரும்பு அலமாரி. தலைமையாசிரியரின் நாற்காலிக்குப் பின்னால் நிற்கும். சாவி அவருடைய மேசை இழுப்பறையில் இருக்கும். கல்வி இலாகாவிலிருந்து யாராவது வருகிறார்கள் என்றால் முதல் நாளே அலமாரியைத் திறந்து, புத்தகங்களைத் துடைத்து அடுக்கி, கதவைத் திறந்தபடியே விட்டுவைப்பார்கள். அன்றைக்கு மட்டும் நாங்கள் அந்தப் புத்தக முதுகுகளைப் பார்க்கலாம். அதிகாரியின் கார் செம்மண் சாலையில் திரும்பி மறைந்ததும் அலமாரி பூட்டப்பட்டுவிடும். ஆறு ஆண்டுகளில் அதிலிருந்து ஒரு புத்தகத்தைக்கூட நான் வீட்டுக்கு எடுத்துப் போனதில்லை. அதற்காக யார்மீதும் கோபம் இல்லை. புத்தகம் என்பது பூட்டிவைக்க வேண்டிய பொருள் என்றுதான் நாங்களும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

சில மாதங்களுக்கு முன்னால் ஜொகூர் பாரு பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளி நூலகத்துக்குப் போக நேர்ந்தது. நீள மேசைகளைச் சேர்த்துப் போட்டு, அதன்மேல் பழைய அட்டைப்பெட்டி, பசை, கத்தரிக்கோல், சாயம் எல்லாவற்றையும் பரப்பி வைத்திருந்தார்கள். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் தங்கள் தாத்தா பாட்டிகள் வேலை பார்த்த ஒரு தோட்டத்தை அட்டையில் கட்டிக்கொண்டிருந்தார்கள். லயன் வீடுகள், மாரியம்மன் கோயில், ஆயக்கொட்டாய், பால் ஸ்டோர், மேட்டில் துரை பங்களா. "டீச்சர், ஆறு ஸ்டோருக்கு முன்னாடி ஓடுமா, பின்னாடியா?" என்று ஒரு சிறுமி கேட்டாள். "தாத்தாகிட்ட கேட்டியா? புத்தகத்துல பாத்தியா?" என்றார் ஆசிரியை. தாத்தா இறந்துவிட்டார். புத்தகத்தில் இல்லை. அந்தத் தோட்டத்தைப் பற்றிப் புத்தகமே கிடையாது.

என்னோடு வந்திருந்த பெரியவர் ஒருவருக்கு அந்தக் காட்சி பிடிக்கவில்லை. "இது நூலகமா, தச்சுப் பட்டறையா தம்பி? வெள்ளைக்காரன் ஊர்ல புதுசா ஒன்னு கெளம்பிட்டா நம்ம ஆளுங்களுக்கும் உடனே அது வேணும்" என்றார்.

அவர் சொன்னதில் பாதி சரி. நூலகத்துக்குள் கருவிகளையும் மேசைகளையும் கொண்டுவந்து வைத்து, வாசகர்கள் கூடி எதையாவது செய்து பார்க்கும் இடமாக அதை மாற்றும் போக்கு அமெரிக்காவில் 2011 வாக்கில் பேசப்படத் தொடங்கியது. நியூயார்க் மாநிலத்தில் ஃபேயட்வில் என்ற சிற்றூரின் பொதுநூலகம் அதற்கு முன்னோடி என்பார்கள். நம் நாட்டிலும் 2016க்குப் பிறகு மின்னியல் படைப்பாளர்களை உருவாக்குவது என்ற பேச்சில் அது பள்ளிகளுக்குள் வந்தது. ஆனால் பெரியவரின் கேள்வி வேறொரு கேள்வியைக் கிளப்பிவிட்டது. கை வேலை ஓரிடம், புத்தகம் வேறிடம் என்று முதலில் பிரித்துவைத்தது யார்? நம் ஊர்ப் பள்ளிகளில் அந்தப் பிரிவினைக்கு ஆள் பெயரும் ஆண்டும் உண்டு.

1916இல் ஆர்.ஓ. வின்ஸ்டட் என்ற காலனிய அதிகாரி ஜாவாவுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் அனுப்பப்பட்டார். அங்கே உள்நாட்டு மக்களுக்கான பள்ளிகள் எப்படி நடக்கின்றன என்று பார்த்துவருவது அவர் வேலை. மறு ஆண்டு அவருடைய அறிக்கை வந்தது. மலாய்ப் பள்ளிகளில் கூடை முடைதலுக்கும் தோட்ட வேலைக்கும் முக்கிய இடம் தர வேண்டும் என்றது அது. மேலோட்டமாகப் பார்த்தால் நல்ல யோசனைதானே? பிள்ளைகள் கையால் செய்து கற்கட்டும். ஆனால் அதன் உள்நோக்கம் வேறு. 1920இல் கூட்டு மாநிலங்களின் தலைமைச் செயலாளர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் அதை ஒளிக்காமலே சொன்னார். மீனவனின் மகனும் குடியானவனின் மகனும் தங்கள் தகப்பனைவிடக் கொஞ்சம் கெட்டிக்கார மீனவனாக, குடியானவனாக வரட்டும் என்பதே அரசின் எண்ணம் என்பது அவர் பேச்சின் சாரம். குமாஸ்தாவாகவோ அதிகாரியாகவோ வர வேண்டாம் என்பது சொல்லாமல் விட்ட பாதி. ஆங்கிலப் பள்ளிக்குப் புத்தகம், கம்பத்துப் பள்ளிக்குக் கூடை. வின்ஸ்டட் பின்னர் கல்வி இயக்குநரானார். 1931 முதல் 1935 வரை ஜொகூரின் பொது ஆலோசகராகவும் இருந்தார்.

இதே காலத்தில் சிகாகோவில் இன்னொரு வரைபடம் இருந்தது. ஜான் டூயி 1899இல் ஆற்றிய உரைகளில் ஒரு பள்ளியின் தளத்தை வரைந்து காட்டினார். நான்கு மூலைகளில் தச்சுப் பட்டறை, நெசவு அறை, சமையலறை, சாப்பாட்டு அறை. நடுவில் நூலகம். பட்டறையில் எழும் சந்தேகத்தோடு பிள்ளை நூலகத்துக்கு வரும், நூலகத்தில் கண்டதோடு பட்டறைக்குத் திரும்பும். டூயியின் படத்திலிருந்து நடு அறையை மட்டும் உருவி எடுத்துவிட்டால் மிச்சம் நிற்பது வின்ஸ்டட்டின் பள்ளி. இரண்டிலும் பிள்ளைகள் கூடை முடையலாம். ஒன்றில் முடைந்துகொண்டே 'இந்தப் பிரம்பு எங்கிருந்து வருகிறது, யார் விற்கிறார்கள், விலையை யார் வைக்கிறார்கள்' என்று தேடிப் போக வழி இருக்கிறது. மற்றதில் இல்லை.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்த இரண்டில் எதுவுமே முழுதாகக் கிடைக்கவில்லை. கூட்டு மாநிலங்களில் 1912இன் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. ஜொகூர் அந்தக் கூட்டில் இல்லை. ஆனால் ரப்பருக்கு அந்த எல்லையெல்லாம் கிடையாது. 1909இல் ரயில் பாதை ஜொகூர் பாரு வரை வந்து சேர்ந்ததும் சிகாமட், லாபிஸ், குளுவாங், கூலாய் என்று பாதையின் இரு பக்கமும் காடு வெட்டப்பட்டுத் தோட்டங்கள் எழுந்தன. அவற்றோடு தோட்டப்பள்ளிகளும் வந்தன. பள்ளி என்றால் ஒரு கொட்டகை, ஒரே அறை, எல்லா வகுப்புக்கும் ஒரே வாத்தியார். பல இடங்களில் கிராணியோ கங்காணியோதான் வாத்தியார். பாடப்புத்தகங்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தவை. பிள்ளை பார்த்தே இராத ஆறும் வயலும் அதில் இருக்கும். காலையில் பிரட்டுக்குப் போன அம்மா நிற்கிற பால்மரம் இருக்காது. கை வேலைக்கும் பஞ்சமில்லை. பள்ளி விட்டால் அம்மா அப்பாவின் நிரையில் போய் ஒட்டுப்பால் பொறுக்குவதும் புல் பிடுங்குவதும்தான். அதற்கு யாரும் கைவினைப் பாடம் என்று பெயர் வைக்கவில்லை.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் ஜொகூரில் நடந்ததல்ல, பேராக்கின் தஞ்சோங் மாலிமில் நடந்தது. மலாய் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க 1922இல் அங்கே சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி திறக்கப்பட்டது. வின்ஸ்டட்டின் திட்டப்படி கூடை முடைதலும் பயிர்த்தொழிலும் அங்கே கட்டாயம். நாடெங்கிலுமிருந்து கம்பத்து இளைஞர்கள் வந்து பிரம்பு பிளந்தார்கள், மண் கொத்தினார்கள். ஆனால் 1924இல் அதே வளாகத்துக்கு மொழிபெயர்ப்புப் பிரிவு ஒன்றும் வந்து சேர்ந்தது. ஸாபா என்று அறியப்பட்ட மொழியறிஞர் அதில் அமர்ந்தார். பள்ளிகளுக்கு ஒரு வரிசை, வீட்டு நூலகங்களுக்கு ஒரு வரிசை என்று மலாயில் நூல்கள் வரத் தொடங்கின. பிரம்பு பிளந்த கைக்கு எட்டும் தூரத்தில் மொழிபெயர்ப்புக் கையெழுத்துப்படியும் அச்சுப்படியும் கிடந்தன. அப்புறம் என்ன ஆனது? கெட்டிக்காரக் குடியானவர்களை உருவாக்கக் கட்டிய கல்லூரியிலிருந்து எழுத்தாளர்களும் அரசியல்வாதிகளும் வெளியே வந்தார்கள். நாவலாசிரியர் ஹருண் அமினுர்ரஷித் அங்கே ஆசிரியராக இருந்தவர். 1938இல் இளம் மலாயர் சங்கத்தைத் தொடங்கிய இப்ராகிம் யாக்கோப் அங்கே படித்தவர். நடு அறையை உருவி எடுத்தவர்கள், தெரியாமல் அதைத் திரும்பவும் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள்.

தமிழாசிரியர்களுக்குப் போருக்கு முன்பு அப்படி ஒரு கல்லூரி எழவில்லை. நமக்கான நடு அறை பள்ளிக்கு வெளியே உருவானது. 1930களில் சீர்திருத்தச் சங்கங்களும் படிப்பகங்களும் வந்தன. ஒருவர் நாளிதழை உரக்கப் படிப்பார், மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள், இடையிடையே சண்டை போடுவார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாதவருக்கும் அந்தச் சண்டையில் பங்கு உண்டு. நூலகம் என்றால் மௌனம் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் இந்தப் படிப்பகங்களைப் பார்த்ததில்லை போலிருக்கிறது.

அடுத்து வந்தது மாணவர் மணிமன்றம். 1935இல் தொடங்கிய 'தமிழ் முரசு', கோ. சாரங்கபாணியின் கீழ், 1950களில் மாணவர்களுக்கென்று இந்தப் பகுதியை நடத்தியது. பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் அச்சாகும் தாள், இந்தப் பக்கம் ஜொகூர் தோட்டங்களுக்கு வந்து சேரும். மணிமன்றத்தின் சிறப்பு என்னவென்றால் பிள்ளைகள் அதைப் படித்ததோடு நிற்கவில்லை, எழுதி அனுப்பினார்கள். அச்சில் பெயரைப் பார்த்தவர்கள் ஊர் ஊராகக் கூடினார்கள். எழுத்துப் பக்கமாகத் தொடங்கியது மன்றங்களாக ஆனது, மலேசியாவில் தமிழ் இளைஞர் மணிமன்றமாக வளர்ந்தது. இன்றைக்கு ஐம்பது வயதைத் தாண்டிய பல எழுத்தாளர்களிடம் கேட்டுப்பாருங்கள், முதல் மேடை மணிமன்றம் என்பார்கள். அதே காலத்தில்தான் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பிக்கப்பட வேண்டும், அதற்கு நூலகம் வேண்டும் என்று சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டினார். தோட்டத் தொழிலாளர்கள் வெள்ளி வெள்ளியாகக் கொடுத்தார்கள். தன் பிள்ளையின் பள்ளியில் ஓர் அலமாரிகூட இல்லாதவர், தான் உள்ளே நுழையவே போகாத ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்குப் பணம் கொடுத்திருக்கிறார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு என்னவோ செய்கிறது.

சுதந்திரம் வந்த 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஏறக்குறைய 530. ஜொகூரில் மட்டும் 70 சொச்சம். குறைந்ததைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நூலகத்தோடு தொடர்புள்ள விஷயம் நிலம். பள்ளி நின்ற நிலம் தோட்ட நிறுவனத்துடையது என்பதால் பாதிக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் அரசின் பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே தங்கின. சம்பளம் அரசு தரும். கட்டடம் என்று வந்தால் கை விரியும். வகுப்பறையே போதாத இடத்தில் புத்தகத்துக்கென்று ஓர் அறையை யார் கட்டுவது? என் பள்ளியின் அலமாரி ஏன் அலமாரியாகவே இருந்தது என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. தலைமையாசிரியரின் கஞ்சத்தனம் அதில் ஒரு பங்குதான்.

1975இல் 'வெறுங்கால் நூலகர்' என்று பொருள்படும் தலைப்பில் ஆங்கிலத்தில் ஒரு நூல் வந்தது. விஜயசூரியா, லிம் ஹக் டீ, ராதா நடராஜா என்று மூன்று மலேசிய நூலகர்கள் சேர்ந்து எழுதியது. சீனத்தின் வெறுங்கால் மருத்துவர்களை நினைவூட்டும் தலைப்பு. சப்பாத்து இல்லையே என்று உட்கார்ந்திருக்காமல் இருக்கிற காலோடு நடக்கச் சொல்கிற அந்தத் தலைப்பு தோட்டப்பள்ளிகளுக்கென்றே வைத்ததுபோல இருக்கும். 1983இல் புதிய ஆரம்பப்பள்ளிக் கலைத்திட்டம் நாடு முழுக்க வந்தது. பிள்ளையை மையமாக வைத்து, செய்து கற்கும் முறையைப் பேசியது அது. பள்ளி நூலகம் வள மையம் என்று பெயர் மாறியதும் அந்தக் காலகட்டத்தில்தான். புத்தகம் மட்டுமல்ல, படம், ஒலிநாடா, பயிற்றுப்பொருள் எல்லாம் ஓரிடத்தில் என்பது கருத்து. எங்கள் பள்ளியில் பெயர்ப்பலகை வந்தது. அலமாரியின்மேல் மாட்டினார்கள்.

பிறகு நீலாம். 1990களின் கடைசியில் வந்த இந்த வாசிப்புத் திட்டத்தில் பிள்ளைகள் படித்த நூல்களைப் பதிவேட்டில் எழுத வேண்டும். எண்ணிக்கை ஏற ஏற வெண்கலம், வெள்ளி, தங்கம், கடைசியில் நீலாம். மலாயில் நீலக்கல்லுக்குப் பெயர் அது, நம்முடைய நீலம்தான். தமிழ்ப்பள்ளிகளில் பலரும் அதை 'நிலம்' என்றே சொல்வார்கள். நிலம் இல்லாததால் நூலகம் இல்லாத பள்ளிகளில் நிலம் என்ற பெயரில் வாசிப்புத் திட்டம். யாரும் வேண்டுமென்று செய்த கிண்டல் இல்லை, தானாக அமைந்தது. திட்டம் கெட்டதில்லை. படித்ததை மற்றவரோடு பகிர்ந்து, பிறரையும் வாசிக்க வைப்பதற்கென்று அதில் ஒரு கட்டமே இருந்தது. ஆனால் எண்ணுவது சுலபம், பகிர்வதை எண்ண முடியாது. எனவே பதிவேடு நிரம்பியது. ஒரே புத்தகத்தின் சுருக்கம் முப்பது பிள்ளைகளின் நோட்டில் ஒரே எழுத்துப்பிழையோடு இருப்பதைக் கண்டிருக்கிறேன். பூட்டிய அலமாரிக்கும் நிரம்பிய பதிவேட்டுக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இரண்டும் மேலதிகாரி பார்ப்பதற்கானவை.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ள வேண்டும். நூலகவியலின் ஐந்து விதிகளை 1931இல் எழுதியவர் என்றுதான் அவரைத் தெரியும். அதற்கு முன் அவர் கணித ஆசிரியர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். வாசகர்கள் தாமே அடுக்குகளுக்கிடையே போய்ப் புத்தகத்தைத் தொட்டு எடுக்கும்படி செய்தார். புத்தகம் பயன்படுவதற்கே என்ற முதல் விதியின் நடைமுறைப் பொருள் பூட்டைத் திற என்பதுதான். கடைசிக் காலத்தில் பள்ளி நூலகத்தைப் பற்றித் தனி நூலே எழுதினார், மறைவுக்குப் பிறகு 1973இல் வெளிவந்தது. விதியை எல்லா நூலகத்திலும் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். சட்டத்துக்குக் கண்ணாடியும் உண்டு.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. 2021இல் யூபிஎஸ்ஆர் தேர்வு ஒழிந்தது. 1988லிருந்து ஆறாம் ஆண்டைத் தின்றுகொண்டிருந்த தேர்வு அது. வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்ற பாடம் வந்திருக்கிறது. அஸ்தி அமைப்பு தமிழ்ப்பள்ளிகளுக்காக நடத்தும் அறிவியல் விழாவுக்குப் பிள்ளைகள் சோதனைகளைத் தாமே வடிவமைத்துக்கொண்டு வருகிறார்கள். வெளிநாட்டுப் புத்தாக்கப் போட்டிகளில் பதக்கம் வாங்கிய செய்தி வராத ஆண்டு இல்லை. எல்லாம் சந்தோஷம்தான்.

பயமும் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். சில பள்ளிகளில் நூலகத்தைப் படைப்பறையாக மாற்றுகிறோம் என்று புத்தகங்களைக் கட்டிச் சாமான் அறைக்கு அனுப்புகிறார்கள். அந்த இடத்தில் ரோபோ பெட்டிகள் வருகின்றன. பெட்டியைத் திறக்கும் உரிமை போட்டிக்குப் போகிற ஆறு பேருக்கு. மற்றவர்கள் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். இதை நான் பார்த்திருக்கிறேனே! இரும்புக் கதவு கண்ணாடிக் கதவாகியிருக்கிறது, அவ்வளவே. அதைவிட மோசமான ஒன்றும் உண்டு. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது, கைத்தொழில் கற்றுக்கொடுங்கள் என்று அக்கறையோடு பேசுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பேசுவது தமிழில், யோசனை 1917இன் யோசனை. கையை மட்டும் பழக்கி, கேள்வி கேட்கும் இடத்தைப் பிடுங்கிக்கொள்வது.

அந்தப் பெரியவருக்கு அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதை அந்த ஆசிரியையே செய்துகாட்டினார். ஆறு எந்தப் பக்கம் ஓடியது என்ற கேள்வியை அவர் விடவில்லை. வாரத்தில் ஒரு பாடவேளை நூலகத்துக்கு ஒதுக்கியிருக்கிறார். அதில் பிள்ளைகள் நான்கு குழுவாகப் பிரிந்தார்கள். ஒரு குழு ஆறேழு வீடுகளுக்குப் போய்ப் பாட்டிகளிடம் கைபேசியில் பேச்சைப் பதிவு செய்தது. ஒரு குழு அதைக் கேட்டுக் கேட்டு எழுதியது. 'நெரை', 'மங்கு', 'பீலி' என்ற சொற்கள் வந்தபோது அகராதியை எடுத்தார்கள், சிலது கிடைத்தது, சிலது கிடைக்கவில்லை, கிடைக்காததற்குத் தாங்களே பொருள் எழுதினார்கள். இன்னொரு குழு பழைய வரைபடத்தையும் இன்றைய வரைபடத்தையும் பக்கத்தில் வைத்து, தோட்டம் இருந்த இடத்தில் இப்போது எந்த நெடுஞ்சாலை, எந்தத் தாமான், எந்தச் செம்பனை என்று பார்த்தது. மற்றவர்கள் அட்டையில் கட்டினார்கள். பாட்டிகள் முரண்பட்டார்கள். ஒருவர் ஆறு முன்னால் என்றார், ஒருவர் பின்னால் என்றார். ஸ்டோரையே ஒருமுறை இடம் மாற்றிக் கட்டியிருக்கிறார்கள் என்பது மூன்றாவது பாட்டியைக் கேட்ட பிறகுதான் தெரிந்தது. வரலாற்று ஆய்வாளர்கள் செய்கிற வேலை இது. பதினொரு வயதில், பசை ஒட்டிய விரலோடு செய்துகொண்டிருந்தார்கள்.

இதற்குப் பெரிய செலவு ஒன்றுமில்லை. அலமாரிகளைச் சுவரோரம் தள்ளினால் நடுவில் இடம் கிடைக்கிறது. இரைச்சலுக்கு ஒரு பக்கம், அமைதிக்கு ஒரு மூலை. பாய் விரித்துப் படுத்துக்கொண்டு படிக்கிற பிள்ளைக்கு அந்த மூலை கட்டாயம் வேண்டும், கூடிச் செய்வதில் விருப்பமில்லாத பிள்ளைகளும் உண்டு, நானும் அப்படித்தான் இருந்தேன். வேண்டியது ஆசிரியரின் நேரம். அதுதான் கிடைப்பதில்லை. முழு நேர நூலக ஆசிரியர் என்பது சிறிய பள்ளிகளுக்குக் கனவு. இந்த ஆசிரியையும் முழு அட்டவணையோடு, மேலதிகமாகத்தான் இதைச் செய்கிறார். அவர் மாற்றலாகிப் போனால் என்ன ஆகும் என்று கேட்டேன். சிரித்தார்.

ஜொகூரில் 2006க்குப் பிறகு இஸ்கண்டார் வட்டாரத்தில் மண் வேகமாகப் புரள்கிறது. லயன் வீடுகள் போயின, கோயில்கள் நகர்ந்தன. தோட்ட அலுவலகத்துச் சம்பளப் புத்தகங்களும் பிரட்டுப் பதிவேடுகளும் எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது. பல பள்ளிகள் வீடமைப்புப் பகுதிகளுக்கு இடம் மாறிவிட்டன. பெயரில் மட்டும் இன்னும் 'லாடாங்' ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பெயரில் இருக்கிற தோட்டத்தைப் பற்றி அந்தப் பள்ளி நூலகத்தில் ஒரு பக்கம் இருக்காது.

நான் கிளம்பும்போது பிள்ளைகள் எழுதியதைத் தாளில் அச்செடுத்து, நடுவில் தைத்து, அட்டை போட்டிருந்தார்கள். இருபத்திரண்டு பக்கம். நூலகப் பதிவேட்டில் அதற்கு எண் கொடுத்து எழுத ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். தலைப்பு எழுதிவிட்டான். ஆண்டு எழுதிவிட்டான். ஆசிரியர் பெயர் என்ற கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"டீச்சர், எங்க பேரு எழுதவா, பாட்டிங்க பேரு எழுதவா?"

"கட்டம் சின்னதா இருக்கு. பக்கத்துக் கட்டத்துலயும் சேத்து எழுது" என்றார்.